சாரணர்களை ஞாயிறு ஆராதனைக்குக் கட்டாயமாக அழைத்துப் போகலாமா?

வேலூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளியின் கணித ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகளாக அங்கே சாரண ஆசிரியரும் அவர்தான். படையில் 32 பையன்கள். 11 பேர் கிறிஸ்தவர்கள், 4 பேர் முஸ்லிம்கள், மற்றவர்கள் இந்துக்கள். இதுவரை வாரக் கூட்டம் வழக்கமான சாரணர் பிரார்த்தனையோடு தொடங்கும், கொடி இறக்குவதோடு முடியும்.

புதிதாகப் பொறுப்பேற்ற தாளாளர் மூன்று மாற்றங்களைச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தை இயேசுவின் நாமத்தில் ஜெபித்துத் தொடங்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாச் சாரணர்களும் சீருடையில், பள்ளி வளாகத்திலேயே இருக்கும் ஆலயத்துக்கு ஆராதனைக்கு வர வேண்டும். டிசம்பரில் ஏலகிரியில் நடக்கும் முகாமில் காலை வேத தியானம் இருக்க வேண்டும். ஞாயிறு வருகைக்கு அணிவாரியாக மதிப்பெண் உண்டு. ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில அளவிலான சாரணர் விருதுத் தேர்வுக்கு யாரை அனுப்புவது என்பதிலும் அந்த வருகை கணக்கில் வருமாம்.

பையன்கள் ஆராதனையில் நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தகப்பனார், ஆட்டோ ஓட்டுபவர், பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்து. அவர் பள்ளிக்கு வந்து, “நாளைக்கு என் மகனோட சாதிச் சான்றிதழுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? திங்கட்கிழமை கலெக்டர்கிட்ட மனு கொடுப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆசிரியரின் மனக்குழப்பம் வேறு. “நானும் விசுவாசிதான். இந்த இயக்கத்தைத் தொடங்கியவரே கிறிஸ்தவர். உறுதிமொழியிலேயே கடவுள் இருக்கிறார். சிறுபான்மைப் பள்ளிக்கு உரிமை இருக்கிறது. ஒரு பையன்கூட வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இதை நிறுத்தினால் என் ஆண்டவரை நானே மறுதலித்தது போலாகுமா? நிறுத்தாவிட்டால் வழக்கு வருமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இப்போது நடக்கும் விதத்தில் அந்த ஞாயிறு அணிவகுப்பு நீடிக்கக் கூடாது. அடுத்த முதல் ஞாயிறுக்கு முன்பே கட்டாயமும் மதிப்பெண்ணும் நின்றாக வேண்டும். அதற்காக உங்கள் விசுவாசத்தை நீங்கள் மறைக்கவோ குறைக்கவோ வேண்டியதில்லை. இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்கியவர் கிறிஸ்தவர் என்பதால்

பேடன் பவல் கிறிஸ்தவர் என்பது சரி. அவருடைய தகப்பனார் ஆங்கிலிகன் குருவானவர், ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியராகவும் இருந்தவர். 1907-ல் பிரவுன்சீ தீவில் நடந்த முதல் சோதனை முகாமுக்கு வந்த சுமார் இருபது பையன்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பாய்ஸ் பிரிகேட் என்ற கிறிஸ்தவ அமைப்பிலிருந்து வந்தவர்கள். ஆகவே வேர் எங்கே என்று கேட்டால், நீங்கள் சொல்வதில் தவறில்லை.

ஆனால் அந்த பாய்ஸ் பிரிகேடையே கொஞ்சம் பாருங்கள். வில்லியம் அலெக்ஸாண்டர் ஸ்மித் 1883-ல் கிளாஸ்கோவில் அதைத் தொடங்கியபோது, பையன்களிடையே கிறிஸ்துவின் ராஜ்யத்தை வளர்ப்பதே நோக்கம் என்று வெளிப்படையாக எழுதி வைத்தார். இன்றும் அது கிறிஸ்தவ அமைப்புதான். அதில் மகனைச் சேர்க்கிற எந்தப் பெற்றோருக்கும் எதில் சேர்க்கிறோம் என்று தெரியும். பேடன் பவலுக்கு அந்த அமைப்பை நன்றாகத் தெரியும், அதன் மேல் மதிப்பும் இருந்தது. அப்படியிருந்தும் சாரணர் இயக்கத்தை அவர் அந்த வடிவில் அமைக்கவில்லை. கடவுளுக்கான கடமை என்று மட்டும் வைத்தார். எந்தச் சபை, எந்த மதம் என்பதைப் பையனின் வீட்டுக்கு விட்டுவிட்டார்.

உங்கள் தாளாளரிடம் நீங்கள் கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பல சமயங்களைச் சேர்ந்த பையன்கள் இருக்கும் படையில் படை முழுவதற்குமான ஆலய அணிவகுப்பு கூடாது, அவரவர் தங்கள் வழிபாட்டுக்குப் போக ஊக்கப்படுத்த வேண்டும், முகாமில் நடக்கும் பிரார்த்தனை மிக எளிமையாக இருக்க வேண்டும், அதில் கலந்துகொள்வது பையன்களின் விருப்பம். இவை பேடன் பவல் காலத்திலேயே இங்கிலாந்துச் சாரணர் சங்கத்தில் இருந்த விதிகள். ஏறக்குறைய எல்லாரும் கிறிஸ்தவர்களாக இருந்த ஒரு நாட்டிலேயே, கத்தோலிக்கப் பையனை ஆங்கிலிகன் ஆராதனையில் நிறுத்தக் கூடாது என்று இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நம்மூர்ப் படைக்கு அந்த யோசனை இன்னும் அதிகமாகத் தேவை.

இந்தியாவில் இந்த இயக்கத்துக்குத் தனி வரலாறு இருக்கிறது. 1909-ல் இங்கே தொடங்கிய படைகளில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்குத்தான் இடம். நம் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தியிருந்தது. அதனால்தான் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் இந்தியப் பையன்களுக்கெனத் தனிச் சங்கம் தொடங்கினார்கள். வடக்கே மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் சேவா சமிதி சாரணர் சங்கத்தை நடத்தினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பிரிந்து கிடந்த சங்கங்கள் இணைந்து, 1950 நவம்பர் 7-ல் பாரத சாரணர் இயக்கம் உருவானது. அடுத்த ஆண்டு சாரணியரும் அதில் சேர்ந்தார்கள். நீங்கள் கழுத்தில் கட்டியிருக்கும் ஸ்கார்ஃப் அந்த இயக்கத்தினுடையது. அதன் உறுதிமொழியில் கடவுள் என்று சொல்லும் இடத்தில், விரும்புகிறவர்கள் தர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதன் பயிற்சியிலேயே சர்வ சமயப் பிரார்த்தனை இருக்கிறது. ஒரு முஸ்லிம் பையன் ‘கடவுளுக்கு என் கடமை’ என்று மூன்று விரல் உயர்த்திச் சொல்லும்போது, தன் வீட்டில் கற்றுக்கொண்ட இறைவனை நினைத்துத்தான் சொல்கிறான். அந்த உறுதிமொழியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்ட நாம், பிறகு அதற்கு வேறு பொருள் கொடுக்க முடியாது.

அமெரிக்காவில் தேவாலயங்களே படைகளை நடத்துகின்றன என்று தாளாளர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நடத்துகின்றன. அங்கேயும் பையன் எந்த மதம் என்று இயக்கம் நிபந்தனை வைப்பதில்லை. இந்து, யூத, இஸ்லாமியப் பையன்களுக்கு அவரவர் சமயக் கல்விக்கான சின்னங்களே இருக்கின்றன. இங்கிலாந்தில் 2014 முதல் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் மாற்று உறுதிமொழி உண்டு. நாட்டுக்கு நாடு எல்லைக்கோடு மாறுகிறது, அவ்வளவுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது

அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவு 30 சிறுபான்மையினருக்குத் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. பெரிய உரிமை அது, அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை தரமாட்டேன். உங்கள் பள்ளி வளாகத்தில் ஆலயம் இருக்கலாம், கிறிஸ்தவ மாணவர்களுக்கு வேத வகுப்பு நடக்கலாம், கிறிஸ்துமஸ் விழா நடக்கலாம். தவறு எங்கே வருகிறதென்றால், இந்த உரிமையால் பிரிவு 28(3) பள்ளியைக் கட்டுப்படுத்தாது என்று நினைப்பதில்தான்.

அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், மாணவர் யாரையும் சமய போதனையில் பங்கெடுக்கவோ, அங்கோ அதைச் சேர்ந்த இடத்திலோ நடக்கும் வழிபாட்டுக்கு வரவோ கட்டாயப்படுத்தக் கூடாது. மாணவர் சிறுவராக இருந்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். இதுதான் 28(3). உங்கள் பள்ளிக்கு அங்கீகாரமும் இருக்கிறது, உதவியும் வருகிறது. ஆலயமோ பள்ளி வளாகத்திலேயே இருக்கிறது. இதில் வாதாட இடமே இல்லை.

ஏலகிரி முகாம் சற்று வேறு. மலைமேல் வாடகைக்கு எடுத்த இடம் பள்ளியைச் சேர்ந்ததா என்று ஒருவர் வாதம் செய்யலாம். நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால் அந்த வாதத்தை நம்பி இறங்க மாட்டேன். பள்ளி அனுப்பிய ஆசிரியரின் பொறுப்பில், இரவு வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாத இடத்தில் இருக்கும் 13 வயதுப் பையனுக்கு ‘வரமாட்டேன்’ என்று சொல்ல ஊரில் இருப்பதைவிடத் தைரியம் குறைவு. மனசாட்சிச் சுதந்திரத்தைப் பேசும் பிரிவு 25-ஐ எந்த நீதிபதியும் அங்கே மறந்துவிட மாட்டார்.

இப்போது, ஒரு பையன்கூட மறுக்கவில்லை என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகக் கவலை தந்த வரி அதுதான். சட்டம் கேட்பது சம்மதம். மறுப்பு வராததைச் சம்மதம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. அதுவும் பையனின் சம்மதம் போதாது, பெற்றோருடையது வேண்டும். போகாத அணிக்கு மதிப்பெண் குறைகிறது, ராஜ்ய புரஸ்காருக்குப் பெயர் போகாது என்றால் எந்தப் பையன் வாயைத் திறப்பான்? தன்னால் அணி தோற்றது என்று மற்ற பையன்கள் முறைப்பார்களே என்ற பயம் பிரம்பைவிடப் பலமானது. நீங்கள் வருஷக்கணக்காகப் பையன்களோடு பழகியவர், இது உங்களுக்குத் தெரியாததில்லை.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்கு இருக்கிறது. 1985-ல் கேரளாவில் மூன்று பிள்ளைகள், ஒரே வீட்டு உடன்பிறப்புகள், பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பாடுவது தங்கள் விசுவாசத்துக்கு ஒவ்வாது என்றார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்ட மாணவர்கள் எல்லாரும் படிக்கும் அந்த வழக்கில், 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது. அவர்களுடைய நம்பிக்கை நீதிபதிகளுக்குச் சரியாகப் பட்டதா என்பது அங்கே கேள்வியாக இல்லை. உண்மையாக நம்புகிறார்களா என்றுதான் பார்த்தார்கள்.

அந்தக் கிறிஸ்தவப் பிள்ளைகள் வாங்கித் தந்த பாதுகாப்புதான் இன்று உங்கள் படையில் இருக்கும் இந்துப் பையனுக்கும் முஸ்லிம் பையனுக்கும் உதவுகிறது. நாளை உங்கள் 11 கிறிஸ்தவப் பையன்களில் ஒருவன் வேறு பள்ளிக்கு மாறிப் போய், அங்கே அவனுடைய விசுவாசத்துக்கு ஒவ்வாத ஒரு பூஜையில் நிற்கச் சொன்னால், அவனுக்காக நானோ வேறொரு வழக்கறிஞரோ இதே பிரிவையும் இதே தீர்ப்பையும்தான் கையில் எடுத்துக்கொண்டு போவோம். கட்டாயத்தை நிறுத்துவதை மறுதலிப்பு என்று நினைத்து நீங்கள் வருந்த வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆத்தும விஷயத்தில் உங்கள் போதகரிடம் பேசுங்கள், அது என் தொழில் அல்ல. ஆனால் ஒருவருடைய சம்மதமில்லாமல் அவருடைய பிள்ளையை ஜெபத்தில் நிறுத்தாமல் இருப்பது கிறிஸ்தவரும் மனமுவந்து செய்யக்கூடிய காரியம் என்றே நான் நம்புகிறேன்.

அந்தத் தகப்பனாரின் பயம்

அவரைக் கோபக்காரர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இதில் என்ன நியாயம் என்று தலித் கிறிஸ்தவர்கள் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள், அந்தக் கேள்வியில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் இன்றைய சட்டம் இதுதான். வட ஆற்காட்டில் ஒரே தெருவில் அண்ணன் வீட்டில் ஒரு சான்றிதழ், தம்பி வீட்டில் வேறொரு சான்றிதழ் என்று வாழ்கிற குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படிப்பு, விடுதி, உதவித்தொகை, வேலை எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அப்படியானாலும் அவர் நினைக்கிற அளவுக்கு ஆபத்து இல்லை. ஆராதனையில் நின்றதாலோ ஒரு படத்தில் இருப்பதாலோ யாருடைய மதமும் மாறிவிடாது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது உண்மை. ஆனால் அங்கே ஞானஸ்நானம் நடந்திருந்தது, அவர் தவறாமல் ஆலயத்துக்குப் போய்வந்தார், வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்கிறார் என்று நீதிமன்றம் கருதியது. ஆசிரியர் சொன்னதால் சீருடையில் போய் நின்ற எட்டாம் வகுப்புப் பையனின் நிலை வேறு. இதை அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். பள்ளிக்கு வரச் சொல்லி, தாளாளர் அறையில் உட்காரவைத்துச் சொல்லாதீர்கள். மகனை இனி அவர் சம்மதமில்லாமல் அழைத்துப் போக மாட்டோம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். அந்தப் படத்தைப் போட்டது யாராக இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

அவர் மனு கொடுத்தாலும் கோபப்படாதீர்கள், அது அவருடைய உரிமை. சட்ட ஆலோசனை வேண்டுமென்றால், பட்டியல் சாதியினருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வர அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வழக்கு வருமா என்று கேட்டீர்கள். தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் ஒன்று வந்து, பிறகு நீக்கப்பட்டது. இப்போது அப்படி ஒரு தனிச் சட்டம் இங்கே இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் யாரையும் மதம் மாற்றும் முயற்சியும் தெரியவில்லை. ஆனால் கல்வித்துறை விசாரணை வரலாம், சாரணர் இயக்கத்தின் மாவட்ட அமைப்பு விளக்கம் கேட்கலாம். அப்போது முதலில் பதில் சொல்ல வேண்டியவர், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட நீங்கள்.

இனி என்ன செய்யலாம்

உங்கள் முன் இருக்கும் வழிகளில், பேசாமல் தொடர்வது சட்டத்துக்கு விரோதம். ராஜினாமா செய்வது அவசரம். பொறுப்பிலிருந்து நீங்கள் விலகினால் அந்த 32 பையன்களுக்கும் இதைப் புரிந்துகொண்ட ஒரு ஆசிரியர் இல்லாமல் போவார். நான் சொல்வது இதுதான்.

*தாளாளருக்குக் கடிதம்.* தலைமையாசிரியர் வழியாக, தேதி போட்டு, மரியாதையாக ஒரு பக்கம் எழுதுங்கள். பிரிவு 28(3)-ஐக் குறிப்பிட்டு, ஞாயிறு வருகையை மதிப்பெண்ணிலிருந்தும் ராஜ்ய புரஸ்கார் தேர்விலிருந்தும் உடனே நீக்க அனுமதி கேளுங்கள். இது பள்ளியையும் தாளாளரையும் காப்பாற்றும் கடிதம், அந்தத் தொனியிலேயே இருக்கட்டும். அவர் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மெமோ கொடுத்தால் பதில் எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

*கூட்டத்தின் பிரார்த்தனை.* இயக்கத்தின் வழக்கமான பிரார்த்தனைக்கே திரும்புங்கள். மாதம் ஒருமுறை சர்வ சமயப் பிரார்த்தனை வையுங்கள். ஒரு கிறிஸ்தவப் பையன் வேத வசனம் வாசிக்கட்டும், ஒரு முஸ்லிம் பையன் தன் வீட்டில் சொல்லித் தந்ததை ஓதட்டும், ஒரு இந்துப் பையன் தேவாரமோ திருவாசகமோ பாடட்டும். எதுவும் சொல்ல விரும்பாதவன் அமைதியாக நிற்கலாம். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலும், மசூதியும், 1846-ல் கட்டிய புனித யோவான் ஆலயமும் இருப்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

*கிறிஸ்தவப் பையன்களுக்குத் தனிக் குழு.* தாளாளரின் ஆசையில் நல்லதும் இருக்கிறது. சபைப் பிள்ளைகள் விசுவாசத்தோடும் ஒழுக்கத்தோடும் வளர வேண்டும் என்று அவர் விரும்புகிறார். அதற்கு பாய்ஸ் பிரிகேட் போல ஒன்றைச் சபையின் பெயரில், தனிச் சீருடையில், பெற்றோருக்குத் தெரிவித்துத் தொடங்கலாம். நீங்களே நடத்தலாம். சாரணர் சீருடையை மட்டும் அதில் கலக்காதீர்கள். அதில் சேராத பையனுக்குச் சாரணர் படையில் எந்தக் குறையும் வரக் கூடாது.

*சேவை வேறு, வழிபாடு வேறு.* சபையின் கன்வென்ஷன் கூட்டத்தில் சைக்கிள் நிறுத்தம் பார்ப்பதும் தண்ணீர் கொடுப்பதும் சாரணர் சேவை. பெற்றோருக்குச் சொல்லிவிட்டு எல்லாப் பையன்களையும் அழைத்துப் போகலாம். ஆனால் ஊர்க் கோயில் தேருக்கும் தர்கா உருஸுக்கும் அதே படை போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போனால் சேவை என்ற பெயர் நிற்காது.

வேலூரில் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு இருக்கும் மரியாதை எப்படி வந்தது என்பதையும் தாளாளரிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவப் பணிதான் இன்று சி.எம்.சி. மருத்துவமனை. அந்த வாசலில் காத்திருக்கும் கூட்டத்தில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள். அந்த அம்மையாரின் விசுவாசத்தைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

டிசம்பர் முகாமுக்கு இன்னும் நாள் இருக்கிறது. தமிழில் ஒரு சம்மதப் படிவம் அடித்து எல்லா வீட்டுக்கும் அனுப்புங்கள். காலைத் தியானத்துக்கு மகன் வரலாமா என்று தனிக் கேள்வியாகக் கேளுங்கள், ‘வேண்டாம்’ என்று எழுதவும் சம அளவு இடம் விடுங்கள், படிக்கத் தெரியாத பெற்றோருக்கு நேரில் படித்துக் காட்டுங்கள். தியான நேரத்தில் வராத பையன்களுக்கு என்ன வேலை என்பதையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். பாத்திரம் கழுவவும் கூடாரம் பெருக்கவும் அனுப்பினால் அது தண்டனையாகத்தான் தெரியும். கயிறும் கம்பும் கொடுத்து, ஒரு அணித் தலைவரின் பொறுப்பில் முடிச்சுப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். இரண்டு கூட்டமும் ஒரே மணிக்கு முடிந்து, எல்லாரும் ஒன்றாகக் காலை உணவுக்கு வரும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.